தொரையின் ஓடும் இருபது நிமிட வெயிலும்

முதலில் வந்தது நாற்றம். ஈரச் சாக்கை மூலையில் சுருட்டிப் போட்டு மறந்துவிட்டால் நாலாம் நாள் ஒரு வாடை அடிக்குமே, அது. வைகாசி பிறந்து மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். மலைநாட்டில் எங்கள் ஊர் றொசல்லயில் மழை பிடித்தால் சப்பாத்து, மெத்தை, சுவர் எல்லாமே ஏதோவொரு வாடை அடிக்கத்தான் செய்யும். அதனால் இரண்டு வாரம் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். என் கணவரின் காலுறைகளைக் கொதிநீரில் போட்டேன். குசினித் தண்ணீர் போகும் கானைக் கழுவினேன். பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் கோழிக்கூட்டை வாய்விட்டே குறை சொன்னேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நாற்றம் எங்கள் வீட்டு ஆமையிடமிருந்து வந்தது.

வீட்டில் ஆமை வைத்திருந்து, அதன் ஓட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றி, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதுகில் நட்சத்திரக் கோடு போட்ட இந்த ஆமையை அனுமதியில்லாமல் வீட்டில் வளர்ப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். பதினொரு வருடம் எனக்கு அது தெரியாது. படிப்பிக்கிற ஒருத்திக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். தாராளமாகக் கேளுங்கள், பிறகு நான் போய்ப் பார்த்த டொக்டரும் கேட்டார்.

நான் தோட்டப் பாடசாலையில் நான்காம் வகுப்பு ஆசிரியை. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் இயந்திரங்களோடு இருபத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சல் அவருடைய இடது காதை முழுதாகவும் வலது காதில் பாதியையும் எடுத்துக்கொண்டது. லொறி ஓட்டும் அவருடைய தங்கை புருஷன் புத்தளம் பக்கம் ரோட்டோரத்தில் ஆமையைக் கண்டு, லீக்ஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வந்த அன்றே அது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. "தோட்டத்து தொரை மாதிரியே பாக்குது" என்றார் கணவர். தோட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரியை எங்கள் ஆட்கள் தொரை என்றுதான் சொல்வார்கள். அதுவே ஆமைக்கும் பெயராகிவிட்டது.

கணவர் என்னிடம் ஒரு நாளில் பத்து வசனம் பேசுவார். அதில் ஆறு "ஆ?" என்பதாக இருக்கும். தொரையிடம் மட்டும் அரை மணி நேரம் பேசுவார். மழை எப்போது விடும், மகள் கொழும்பிலிருந்து எப்போது வருவாள், ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அதற்குத்தான் முதலில் தெரியும். ஒருநாள் ஆத்திரத்தில் கேட்டேவிட்டேன்.

"அதுகிட்ட மட்டும் என்னங்க அவ்வளவு பேச்சு?"

அவர் யோசிக்கவே இல்லை. "அது திருப்பி பேசாது. நான் 'ஆ?'ன்னு கேக்க வேண்டியதில்ல" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. தொரைக்கு ஏதாவது ஆனால் இந்த மனுஷன் யாரோடு பேசுவார் என்ற பயம் அன்றே எனக்குள் வந்துவிட்டது.

நான் பாடசாலைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் தொரை காலடியில் வந்து நின்றது. வாடை ஆளைத் தூக்கியது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். முதுகின் நடுவில் இருக்கும் தட்டு ஒன்றின் ஓரம் கிளம்பியிருந்தது. பெருவிரலால் அழுத்தினேன். ஓடு அமுங்கியது. அமுங்கக் கூடாத ஒன்று விரலுக்குக் கீழே அமுங்குவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.  ஓரத்திலிருந்து பழுப்பாக நீர் கசிந்தது.

"என்னங்க, இங்க வாங்க!"

"ஆ?"

"இங்க வாங்கன்னேன்!"

அவரும் வந்து அழுத்திப் பார்த்தார். பிறகு கையைக் கழுவாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் ஆமையோடும் பேசவில்லை.

அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், நாலாபக்கமிருந்தும் வைத்தியம் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசு என்றார்கள். மண்ணெண்ணெய் என்றார்கள். கோபம் தணிந்த புஷ்பம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லெண்ணெய காய்ச்சி ஊத்துங்க டீச்சர், எங்க கோழி காலுக்கு அதான் செஞ்சோம்" என்றாள். கோழிக்கு என்ன ஆனது என்று கேட்டேன். "அது வேற சீக்குல செத்துப்போச்சி" என்றாள். ஆமையையும் வீட்டையும் பற்றி நம்மவர்கள் வைத்திருக்கும் அந்தப் பழமொழியை என்னிடம் சொல்லாதவர் இல்லை. நீங்களும் இந்நேரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதை இங்கே எழுதும் உத்தேசம் எனக்கில்லை.

தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். நான் மஞ்சள் பூசினேன். கிளம்பிய ஓட்டுக்குள் அந்த விழுது இறங்கி, ஈரத்தோடு ஈரமாகத் தங்கியதுதான் மிச்சம்.

மாடுகளுக்கு ஊசி போட வரும் மிருக வைத்தியரை ரோட்டில் மறித்துத் தொரையைக் காட்டினேன். நல்ல மனிதர். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் மாடு பாக்குற ஆளு. இதுக்கு எங்க ஊசி போடுறதுன்னே எனக்கு தெரியாதுங்க" என்றார். கண்டிப் பக்கத்தில் ஊர்வனவற்றைப் பார்க்கும் பெண் டொக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதித் தந்தார். அந்தக் கிழமையில் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். உருப்படியான வழி காட்டியவரும் அவர்தான்.

சனிக்கிழமை காலை ரயிலில் புறப்பட்டோம். தொரையைத் துவாயில் சுற்றிப் பயணப் பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டார் கணவர். நாவலப்பிட்டியில் ஏறி எதிரில் உட்கார்ந்த பெண் இரண்டு தடவை மூக்கைச் சுளித்துவிட்டு, பையில் என்ன என்று கேட்டார். "கருவாடு" என்றார் கணவர். மனைவியின் கேள்வி எதுவும் விழாத காதில் அந்தக் கேள்வி மட்டும் எப்படி விழுந்தது என்று நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டொக்டர் இளம் பெண். சிங்களத்தில்தான் பேசினார். கணவரின் தொழிற்சாலைச் சிங்களத்தையும் என் பாடப்புத்தகச் சிங்களத்தையும் சேர்த்து நாங்கள் விளங்கிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

நோய்க்குப் பெயர் ஓட்டழுகல் (ஓட்டுத் தட்டுகளுக்கு அடியில் ஈரம் தங்கி, கிருமியும் பூஞ்சணமும் புகுந்து எலும்பு வரை அரிப்பது). கூடவே கல்சியக் குறைபாடு (வெயிலும் ஏற்ற தீனியும் இல்லாமல் எலும்பும் ஓடும் உறுதி இழப்பது). ஆமையின் ஓடு மேலே கவிழ்த்து வைத்த சட்டி அல்ல, முதுகெலும்பும் விலா எலும்பும் அகன்று சேர்ந்ததுதான் அது, அதற்குள் இரத்தம் ஓடுகிறது, தொட்டால் ஆமைக்குத் தெரியும் என்றார். பதினொரு வருடமாக நான் அதைச் சட்டி என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?"

பாண், சோறு, ரொட்டித் துண்டு, பால் போடாத பிளேன்டீயில் நனைத்த பிஸ்கட் என்று நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. கண்ணாடி யன்னலுக்கு உள்ளே, வெயில் படுகிற இடத்தில் என்று கணவர் பெருமையாகச் சொன்னார். ஓட்டுக்குத் தேவையான வெயில் கண்ணாடியைத் தாண்டி வராது என்றார் டொக்டர். பிறகு தொரையைப் புரட்டி வாலைப் பார்த்துவிட்டு, இது பெண் என்றார். கணவர் குனிந்து தொரையின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "தொரைசானியா?" என்றார்.

டொக்டர் சிறிய கத்தியால் அழுகிய தட்டைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டியது வெள்ளைத் தட்டில் விழ விழ, அதில் பழுப்போடு சிவப்பும் இருந்தது. முதலில் இரத்தம் என்று நினைத்தேன். இரத்தம் அப்படிச் சுருளாக வராது. டொக்டர் ஒரு துண்டை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"மே ரத்து பாட்ட மொக்கத்த?" என்று கேட்டார். இந்தச் சிவப்பு என்ன என்று அர்த்தம்.

என்ன என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சீமெந்துத் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போடுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, பொங்கல் என்றால் தரை முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். பொலிஷைத் துணியால் பூசி, காய்ந்ததும் பாதித் தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்க்க வேண்டும். முட்டி கழன்றுவிடும். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு தீபாவளிக்கு, நான் பூசி முடித்த ஈரத் தரையில் தொரை வாசலிலிருந்து சுவாமி படம் வரை நடந்துபோனது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துணியை அதன் முதுகிலேயே துடைத்து, "போ, நீயும் மினுங்கு" என்றேன். மினுங்கவும் செய்தது. நட்சத்திரக் கோடெல்லாம் எடுப்பாகத் தெரிந்தது. வந்த விருந்தாளிகள் தொரைக்குப் புதுப் பெயின்ட் அடித்தீர்களா என்று சிரித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் துணியில் மிஞ்சிய பொலிஷால் அதற்கும் ஒரு பூச்சு. மெழுகுக்கு மேல் மெழுகு. உள்ளே போன ஈரம் வெளியே வரவே வழியில்லை.

கோழிக்கூட்டைக் குறை சொன்ன வாயால் அதை அந்த அறையில் சொல்ல என்னால் முடியவில்லை. கூரையைப் பார்த்தேன்.

"பொலிஷ், மிஸ். நான்தான் பூசினேன்" என்று சிங்களத்தில் சொன்னார் கணவர்.

டொக்டர் அவரை ஏசினார். நன்றாகவே ஏசினார். அறுபது வயது மனிதர் தலையைக் குனிந்துகொண்டு ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஏசி முடித்துவிட்டு டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: "நுரையீரல் இந்த ஓட்டுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கிறது. குழி இன்னும் ஒரு கடதாசிக் கனம் இறங்கினால் அதைத் தொட்டுவிடும். அப்படியானால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை." இரண்டு: "பிழைத்தால் இதை நீங்கள் வைத்திருக்க முடியாது. காட்டு விலங்குகளைக் காக்கும் வனஜீவி அதிகாரிகளுக்கு நான் அறிவிக்க வேண்டும். அவர்கள் சொல்லும் வரை மருந்து கொடுப்பது உங்கள் பொறுப்பு. இது வறண்ட பூமியின் பிராணி. உங்கள் மழையில் இதற்கு வாழ்வில்லை."

நான் கணவரைப் பார்த்தேன்.

"ஆ?" என்றார்.

டொக்டர் திரும்பச் சொன்னார். அவர் மறுபடியும் "ஆ?" என்றார். விளங்கவில்லை என்று கையை விரித்தார். பிறகு மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். திருமணமான நாளிலிருந்து இடது பக்கம் உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். செத்த காதுக்குள் எத்தனை வருடம் கத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"யாருங்க உங்கள பழி ஏத்துக்கச் சொன்னா?"

"உன்ன ஏசியிருந்தா நீ திருப்பி ஏசியிருப்ப. பெறகு அந்தம்மா மருந்து தருவாங்களா?"

பையை அவர் மடியிலிருந்து என் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.  

மருந்துச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் புண்ணைக் கழுவ வேண்டும். பொவிடோன் அயடீனை (புண் கழுவும் பழுப்பு மருந்து) தண்ணீரில் பிளேன்டீ நிறத்துக்குக் கரைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பிளேன்டீ என்று ஒருவர் தேயிலைத் தொழிற்சாலைக்காரரிடம் எழுதிக் கொடுக்கக் கூடாது. "எந்த பிளேன்டீ? எளசா, கடுப்பமா?" என்று முதல் நாள் நாலு கோப்பையில் நாலு நிறம் கரைத்து வரிசையாக வைத்தார். ஆமை காத்திருந்தது. பாடசாலை மணி காத்திருக்காது என்று நான் கத்திய பிறகு ஒரு கோப்பையைத் தேர்ந்தெடுத்தார்.

கழுவிய பின் ஒற்றி உலர்த்தி, தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பை மெல்லியதாகத் தடவ வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு முறை ஊசி, மொத்தம் பத்து. ஊசியை முன்காலில்தான் போட வேண்டும். பின்காலில் போட்டால் மருந்து உடம்பெல்லாம் சுற்றுவதற்கு முன்பே சிறுநீரகத்துக்குப் போய்விடும் என்று டொக்டர் என் கையைப் பிடித்துக் காட்டித் தந்திருந்தார். அவர் காட்டித் தராதது, காலை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமையை வெளியே காலை நீட்ட வைப்பது எப்படி என்பதைத்தான். ஊசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் குந்தியிருந்திருக்கிறேன். செவ்வரத்தைப் பூவை (செம்பருத்தி) காட்டினால் தலையை நீட்டும், கால் வராது. கால் வந்தால் நான் ஊசியைத் திருப்புவதற்குள் உள்ளே போய்விடும். பத்து ஊசிக்கும் நான் வேண்டாத தெய்வமில்லை, திட்டாத திட்டுமில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சீட்டின் கடைசி வரியில் எழுதியிருந்தது: நேரடி வெயில், குறைந்தது இருபது நிமிடம், தினமும்.

றொசல்லயில். ஆனி மாதத்தில்.

டொக்டருக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல யாருமில்லை போலிருக்கிறது. எங்களுக்கு மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விலகினால் தூறல். உடுப்புக் காய அடுப்புக்கு மேல் கொடி கட்டுகிறவர்கள் நாங்கள். எந்த மருந்துக் கடையிலும் வெயில் விற்பதில்லை. மகள் கொழும்பிலிருந்து, வெயிலுக்குப் பதிலாக எரியும் விசேஷ விளக்கு ஒன்றை அனுப்பினாள். உடைந்து வந்தது. இரண்டாவது வந்துசேர ஆறு கிழமை ஆகி, ஆவணியும் பிறந்துவிட்டது. ஆமையை நாள் முழுக்க முற்றத்தில் விட்டுவைக்கவும் முடியாது. ஒரு தூறல் புண்ணில் பட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாடசாலை தெரியும். முகில் விலகினால் வெயில் முதலில் பாடசாலைக் கூரையில் விழும். பிறகு பள்ளத்தைக் கடந்து எங்கள் முற்றத்துக்கு வர ஏழெட்டு நிமிடம் ஆகும். அந்த ஏழெட்டு நிமிடத்தில் ஆமையை எடுத்து, புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரித்து, வெளியே கொண்டுவந்தால் ஒரு சொட்டு வெயிலும் வீணாகாது. வகுப்பிலிருந்து கணவருக்குப் போன் அடித்தேன். மணிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. கேட்ட அன்று, "வெயில் வந்திருச்சி, தூக்கிட்டு வெளிய வாங்க" என்றால் "யாரு வந்திருக்கா?" என்றார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெயில் போய்விட்டது.

கடைசியில் விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த சிவப்பு இல்ல அணியின் கொடியை எடுத்து வந்தேன். வெயில் விழுந்தால் வகுப்பு யன்னலில் கொடி ஏறும். முற்றத்தில் காவல் நிற்கும் கணவர் உள்ளே ஓடுவார். வெயில் போனால் கொடி இறங்கும். பாடசாலை அதிபர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஒங்க வகுப்புக்கு மட்டும் தெனமும் ஸ்போர்ட்ஸ் மீட்டா?" என்று கேட்டார். சுற்றாடல் கல்விச் செயற்பாடு என்றேன். பொய்யில்லை. பிள்ளைகள் முகிலைப் பார்த்து நிமிடக் கணக்கில் ஊகிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்பியாசக் கொப்பி ஒன்றில் வெயிலைக் குறித்து வைத்தேன். நான்கு நிமிடம். ஒன்பது. இல்லை. இல்லை. பதினொன்று. அந்தக் கொப்பியை இப்போது புரட்டினால் ஆடி மாதத்தில் எட்டு நாள் தொடர்ந்து இல்லை, இல்லை என்று என் கையெழுத்து நிற்கிறது. எட்டாம் நாள் தொரை பூவுக்கும் தலையை நீட்டவில்லை. கையில் எடுத்தால் கால்கள் தொங்கின.

அன்று கணவர் கொடியைப் பார்க்க முற்றத்துக்குப் போகவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது ஆமைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததென்று தெரியவில்லை. வலது காதுப் பக்கம் போய் நின்று கத்தினேன்.

"என்னதான் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? இது பொழைச்சாலும் குடுத்துரணும்! அந்தம்மா சொன்னது ஒங்களுக்கு கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டிச்சி" என்றார். "மொத நாளே கேட்டிச்சி."

அவர் ஆமையின் ஓட்டைத் தடவினார்.

"பொழைச்சா கொண்டு போயிருவாங்க. பொழைக்காட்டி?"

"செத்துப்போகும்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. "நான்தான் கொன்னதா ஆகும்."

அவர் ஆமையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நாளைக்கி கொடிய கொஞ்சம் ஒசத்தி புடி. பனியில சரியா தெரிய மாட்டேங்குது."

மறுநாள் ஆறு நிமிடம் வெயில் வந்தது. அதற்கு அடுத்த நாள் பதினாலு. பத்துப் பதினைந்து நாளில் குழி கசிவதை நிறுத்தியது. ஆவணியில் அதன் ஓரம் உலர்ந்து, செத்த தட்டு தானாகவே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் வெளிறிய புது ஓடு, நகம் போல மெல்லியதாக. பெருவிரலால் அழுத்தினேன். அமுங்கவில்லை. பின்னேரம் அவர் அழுத்தினார், நான் மறுபடி அழுத்தினேன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து புஷ்பமும் அழுத்தினாள். நல்லெண்ணெய் ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறியிருக்கும் என்றாள்.

ஆறிய இடத்தை மட்டும் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். குழி மூடுவது வேறு, ஓடு முழுதாக வளர்வது வேறு. அதற்கு ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்றார் டொக்டர். சளிக்கு மூன்று நாள், காய்ச்சலுக்கு ஒரு கிழமை என்று கணக்குப் பண்ணிப் பழகியவர்களுக்கு இது சகிக்க முடியாத வேகம். எனக்கும் சகிக்கவில்லை. தினமும் அளவுகோலை வைத்துப் பார்த்து, தினமும் ஏமாந்தேன். ஒரு கட்டத்தில் கொப்பியில் வெயிலை மட்டும் எழுதினேன், ஓட்டை எழுதுவதை விட்டுவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தரைக்குப் பொலிஷ் போடவில்லை. வந்தவர்கள் எல்லாம் கீழே பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார்கள்.

மார்கழியில் கடைசி முறையாகக் கண்டிக்குப் போனபோது டொக்டரிடம் சொன்னேன். பொலிஷ் பூசியது நான், அவரில்லை என்று. சொல்வதற்கு ஏழு மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன். டொக்டர் ஓட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "யார் பூசினால் என்ன, இனிப் பூசாதீர்கள்" என்றார். அவ்வளவுதான். என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பொங்கலுக்குப் பிறகு வனஜீவி அதிகாரி ஜீப்பில் வந்தார். மரியாதையான மனிதர். கணவர் அவருக்குத் தொரையின் பழக்கமெல்லாம் சொன்னார்: காலையில்தான் பசி எடுக்கும், செவ்வரத்தை என்றால் பூவை முதலில் தின்னும், இலை பிறகு, முன்காலைத் தொட்டால் ஊசி என்று பயப்படும். அரை மணி நேரம் பேசினார். அதிகாரி நடுவில் ஏதோ கேட்டார். கணவர் "ஆ?" என்றார். அதிகாரி வலது பக்கம் வந்து நின்று திரும்பக் கேட்டார். ஜீப் வளைவில் திரும்பும்போது நல்ல வெயில். தை மாதத்தில் எங்களுக்கு வெயிலுக்குக் குறைவில்லை.

இப்போது பங்குனி. வறண்ட பகுதியில், வேலி போட்ட புல்வெளி ஒன்றில் தொரை மேய்வதாக டொக்டர் படம் அனுப்பினார். படத்தில் ஏழு ஆமை. எங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். ஓட்டின் ஓரத்துத் தட்டுகளில் இன்னும் சிவப்பு இருக்கிறது.

தொரை போனாலும் என் உடம்பு பழசுக்குத் திரும்பவில்லை. முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் எட்டுப் பாடவேளை. இப்போது முகில் விலகுவது கண்ணுக்கு முன்பே புறங்கையில் தெரிகிறது. எதை அழுத்தினாலும், மேசையோ சுவரோ, அமுங்குகிறதா என்று பெருவிரல் தானாகப் பார்க்கிறது. வீட்டில் கணவர் அதிகம் பேசுவதில்லை. நானும் வலது பக்கம் போய் நின்று பார்த்தேன். பேச என்ன இருக்கிறது என்பது போலச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கூரையில் வெயில் விழுந்தது. யோசிக்காமல் யன்னலருகே போய்க் கொடியை எடுத்து வெளியே நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. இறக்கப் போனேன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அவர் முற்றத்துக்கு வந்து, வெயிலுக்குத் தொரையை வைத்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. பாடசாலைப் பக்கம் பார்த்தார். வெயில் பள்ளத்தில் இறங்கி, தேயிலை மேல் ஏறி, ஏழு நிமிடத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பிள்ளைகளிடம் அடுத்த கணக்கைச் செய்யச் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் முடியும் வரை கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் உயர்த்தியே பிடித்தேன்.